கால் மணித்தியாலம்

ஹாலே, 9 மார்ச் 2025

கொட்வின்,

நீ அந்தப் பரிசோதனையில் வேண்டுமென்றே பிழை விட்டிருக்கிறாய்.

சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைக்கிறேன். போன ஞாயிறு உன்னைப் பார்க்க ஹனோவர் வந்தபோது, நீ படுத்திருந்த நேரத்தில் குசினியில் தேத்தண்ணி போட்டேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது அந்தக் கடதாசி. அதன் ஓரத்தில் யாரோ பீட்சாக் கடை நம்பரை எழுதியிருந்தார்கள். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாட்டுக் காலம் தொடங்க முதல், ஜனவரியில், கிளப் உங்கள் எல்லாருக்கும் எடுத்த மூளைப் பரிசோதனை. இருபது சொற்களை வாசித்துக் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நீ சொன்னது ஆறு.

ஆறா? பதினொரு வயதில் கிறேபெல்ட் தமிழ்ப் பூசையில் முழு வேதாகம வாசகத்தையும் புத்தகம் பார்க்காமல் சொல்லி, சுவாமியாரை வாய் பிளக்க வைத்தவன் நீ.

விளையாட்டில் தலை அடிபட்டால் அதே பரிசோதனையைத் திரும்ப எடுத்து, ஜனவரிப் புள்ளியோடு ஒப்பிடுவார்கள். முதலே மோசமாகச் செய்து வைத்தால் பிறகு வித்தியாசம் தெரியாது. போன மாதம் பயிற்சியில் மோதி, மயங்கி விழுந்தாய். பத்தாம் நாள் பரிசோதித்து, ‘வழமை போல’ என்று எழுதிவிட்டார்கள். எந்த வழமை?

மூன்று கிழமைக்கு போன் பார்க்கக் கூடாது என்று உனக்குச் சொல்லியிருப்பதால் கடிதம் எழுதுகிறேன். டொச் மொழியில் எழுதினால் உன்னோடு இருக்கிற மூன்று தடியன்களும் வாசிப்பார்கள். அதனால் தமிழ்.

சாப்பிடுகிறாயா? நான் சுகம்.

லவினியா அக்கா

*

ஹனோவர், 21 மார்ச்

அன்பு அக்கா,

நான் சுகம். நீயும் சுகம், நீ பராமரிக்கிற கிழவர்களும் சுகம் எண்டு நம்புறன்.

ஓம், செய்தனான். எல்லாரும் செய்யிறாங்கள். மற்றவங்கள் பாவம், நடிக்க வேண்டிக் கிடக்கு. கொட்டாவி விட்டு, நித்திரை இல்லை எண்டு சொல்லி. எனக்கு அது தேவைப்படேல்லை. பரிசோதிச்ச பெண் என்ர முகத்தைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு சொல்லாய் நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டாள், டொச் உங்கட தாய்மொழியா எண்டு. நான் இல்லை எண்டன். ஒரு பெட்டியில அடையாளம் போட்டாள். அதுக்குப் பிறகு நான் என்ன பிழை விட்டாலும் இரக்கத்தோட தலையாட்டினாள்.

நான் இந்த நாட்டில, கிறேபெல்ட் ஆஸ்பத்திரியில பிறந்தவன். டொச்சில கனவு காணுறவன். உண்மையில நீ எங்க இருந்து வாறாய் எண்டு இருபத்துநாலு வருசமாய் இவங்கள் கேக்கிற கேள்வியால ஒரே ஒரு தரம் எனக்கு லாபம் வந்திருக்கு. அதையும் வேண்டாம் எண்டுறியா?

நாலு வருசம் பஸ் காசும் நானே போட்டு விளையாடினன். இப்பதான் முதல் தரம் சம்பளம். அரை நாள் டயர் களஞ்சியம், அரை நாள் பயிற்சி. அமெரிக்காவில இருந்து வந்தவங்களுக்குக் கார் குடுத்திருக்கினம், எனக்கு ஒரு அறை. பரவாயில்லை. பந்தோட ஓடி வாறவனை நேருக்கு நேர் மோதி விழுத்துறதுதான் என்ர வேலை. அதை என்னை விடச் செய்யிறவன் இந்த லீக்கில நாலு பேர் இல்லை.

ஒரு பகிடி சொல்லுறன். போன வருசக் கடைசி மட்சுக்கு அப்பா வந்தவர். மழை. குடையை விரிச்சுக்கொண்டு நடு வரிசையில இருந்தார், பின்னால இருந்தவங்கள் கத்துறாங்கள். இந்த விளையாட்டில ஐஞ்சு செக்கனுக்கு ஒரு விசில். ஒவ்வொரு விசிலுக்கும் அப்பா எழும்பி, குடையை மடிச்சு, பக்கத்தில இருந்த வெள்ளையனைத் தமிழில கேட்டாராம், முடிஞ்சுதோ எண்டு.

மூன்று கிழமை முடிஞ்சாலும் கடிதமே எழுதுவம். போன் வெளிச்சத்தை விடக் கடதாசி நல்லம்.

தம்பி

*

ஹாலே, 2 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கதைக்குச் சிரித்தேன். பிறகு கடைசி வரியைத் திரும்ப வாசித்தேன். நித்திரையிலும் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனுக்கு இப்போது கடதாசி நல்லமாம்.

அந்தப் பெண்ணில் எனக்கும் கோபம்தான். ஆனால் அவள் உன்னை மட்டமாக நினைத்ததை நீ எடுத்து உன் தலைக்கே வைத்திருக்கிறாய். அதில் அவளுக்கு என்ன நட்டம்?

மூன்று கேள்வி. தலையிடி இருக்கிறதா? வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா? ஆட்களின் பெயர் மறக்கிறதா? மூன்றுக்கும் ஓம், இல்லை என்று எழுதினால் போதும். நான் செய்தது பராமரிப்பு வேலைக்கான ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. டொக்டர் படிப்பு இல்லை. ஆனால் எங்கள் முதியோர் இல்லத்தில் எண்பது பேர் இருக்கிறார்கள், மறதி எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும்.

கிளப்புக்குப் போய், அந்தப் பரிசோதனை பொய், புதிதாக எடுங்கோ என்று சொல்லு. ஒரு நாள் வெட்கம். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்.

அக்கா

*

ஹனோவர், 27 ஏப்ரல்

அக்காவுக்கு,

சுகம். உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டுக்குப் போகேல்லை, பயிற்சி. அறைக்குத் தடிப்பான திரைச்சீலை வாங்கினன், கறுப்பு. நல்லாயிருக்கு.

புத்தி சொல்லுறாய். சரி, ஞாபகப்படுத்துறன். எனக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டர் என்னைக் கிளப்பில சேரச் சொன்னவர். பெற்றோர் கையெழுத்து வேணும். அப்பா ஏலாது எண்டிட்டார். நீ குசினி மேசையில இருந்து அப்பாவின்ர கையெழுத்தை மூன்று தரம் வெறுங் கடதாசியில எழுதிப் பார்த்தாய். நாலாவது தரம் படிவத்தில வைச்சாய். “ஓடு, அப்பாவுக்கு நான் சொல்லுறன்” எண்டாய்.

அந்தப் படிவத்தில என்ன எழுதியிருந்தது எண்டு நீ வாசிச்சனியா? தலையில அடிபடலாம் எண்டு முதல் பக்கத்திலயே இருந்தது. நான் வாசிச்சனான்.

என்னை அனுப்பினது நீ. இப்ப திரும்பி வா எண்டு கூப்பிடாத.

கொட்வின்

*

கிறேபெல்ட், 30 மே

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் லவினியாவுக்கு அம்மா டொறத்தி எழுதுறது. நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையால சுகம். உன்ர முதுகு நோ எப்பிடி? எண்ணெய் பூசுறனியோ?

நீ தம்பிக்குக் கடிதம் போடுறதாய்க் கேள்விப்பட்டன், எனக்கும் எழுத ஆசை வந்திட்டுது. போனில சொன்னால் அப்பா பக்கத்தில நிண்டு கேப்பார்.

தம்பி ரண்டாவது மட்சில திரும்ப விழுந்திட்டான். ரண்டு நாள் இங்க வந்து நிண்டவன். கோப்பை எடுக்கச் சொன்னன், அலுமாரிக்கு முன்னால கன நேரம் நிண்டான். அவன் பிறந்ததில இருந்து கோப்பை அந்த அலுமாரியிலதான் இருக்கு. எனக்கு மனசு கேக்கேல்லை. கோயிலில கண்ட ஒரு அக்கா சொல்லி, இங்க ஒரு நரம்பு டொக்டரைப் பாக்கத் தெர்மீன் எடுத்து, குறிச்ச நேரத்துக்கு நானும் கூடப் போனன். கிளப்புக்குச் சொல்லாதையுங்கோ எண்டவன்.

பிள்ளை, அந்த டொக்டர் கால் மணித்தியாலம் கதைச்சார். சுவரில மணிக்கூடு இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தன். படம் ஒண்டைக் காட்டிக் காட்டிக் கதைச்சார். தம்பியைப் பாராமல் என்னைப் பார்த்துத்தான் கனக்கக் கதைச்சார். முடிய, என்னவாம் எண்டு கேட்டன். தம்பி ஒரு வசனத்தில சொன்னான்: “ரண்டு கிழமை ஓய்வு எடுத்தால் சரியாம், அம்மா.”

டொச்சில கதைச்சால் நீளமாய்த்தான் வருமோ? உன்னைத்தான் கேக்கலாம். கெவலார் மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன், அவனுக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைக்க வேணுமெண்டு.

அம்மா

*

ஹாலே, 6 ஜூன்

கொட்வின்,

அம்மா எனக்கு எழுதியிருக்கிறா. உன் உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை, நீ சொல்லப் போவதுமில்லை.

கால் மணித்தியாலத்தை நீ ஒரு வசனம் ஆக்கியிருக்கிறாய். எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் பழக்கினேன். உனக்கு ஒன்பது வயது. அம்மாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு, மொழிபெயர்க்க, உன்னை முதல் தரம் தனியாக அனுப்பினேன், எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. போகமுதல் சொன்னேன்: எல்லாத்தையும் சொல்லாதே, அம்மா பயப்படுவா, முடிவை மட்டும் சொல்லு. மேசைக்கு எட்டாத வயதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் செய்த வேலை அது. பெரியவர்களின் வாயில் இருந்ததை அம்மா அப்பாவுக்கு அரைத்துக் கொடுத்தோம், கல்லை எடுத்துவிட்டு.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அப்பாவின் கை இரும்புத் தொழிற்சாலையில் நசிபட்டபோது எனக்குப் பன்னிரண்டு. சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் இனி மடங்காது என்று டொக்டர் சொன்னார். நான் அப்பாவிடம், ஆறு மாதத்தில் சரிவரும் என்று சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்பா இரண்டு வருசம் ரப்பர் பந்தை நசுக்கிக்கொண்டிருந்தார். நீ அதை விளையாட்டு என்று நினைத்துப் பறித்துக்கொண்டு ஓடுவாய். தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

படிவத்தில் அப்பாவின் கையெழுத்தை வைத்தது நான்தான். முதல் பக்கத்தை வாசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாயை மூட மாட்டேன்.

அந்த டொக்டர் சொன்ன முழுவதையும் எனக்கு எழுது. ஒரு சொல்லும் விடாமல்.

அக்கா

*

ஹனோவர், 1 ஜூலை

அன்பு அக்கா,

நான் நல்ல சுகம். நீ எப்பிடி? கார் ஓடப் பழகுறது எந்த மட்டில இருக்கு? சோதனை எப்ப?

நல்ல செய்தி. செப்ரெம்பர் முடிவில என்னோட ரண்டு வருச ஒப்பந்தம் எழுதப் போகினம். முழு நேர வீரனாய். டயர் களஞ்சியத்துக்கு இனிப் போகத் தேவையில்லை. அரையிறுதி வரைக்கும் ஒரு மட்சும் விடாமல் விளையாட வேணும், அவ்வளவுதான்.

உனக்கு ஒரு பகிடி சொல்ல வேணும், இன்னும் சொல்லேல்லை. போன வருசக் கடைசி மட்சுக்கு அப்பா வந்தவர். மழை. குடையை விரிச்சுக்கொண்டு நடு வரிசையில இருந்தார், பின்னால இருந்தவங்கள் கத்துறாங்கள். இந்த விளையாட்டில ஐஞ்சு செக்கனுக்கு ஒரு விசில். ஒவ்வொரு விசிலுக்கும் அப்பா எழும்பி, குடையை மடிச்சு, பக்கத்தில இருந்த வெள்ளையனைக் கேட்டாராம், முடிஞ்சுதோ எண்டு. தமிழில.

நேரம் கிடைச்சால் எழுது. நீ கடிதம் போட்டு கன நாள்.

தம்பி

*

ஹாலே, 10 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

இதோடு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று நீ மார்ச்சில் எழுதிய கடிதம். மற்றது இப்போது எழுதியது. அப்பாவின் குடைக் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி. நான் கார் ஓடத் தொடங்கி இரண்டு வருசம். போன ஆவணி உன்னுடைய சாமான்களை ஹனோவருக்கு ஏற்றி வந்ததே நான்தான்.

நேற்று உன் கிளப்புக்குப் போனேன். கோபப்படு. நிர்வாகி மரியாதையாகக் கோப்பி தந்தார். ஜனவரிப் பரிசோதனை பொய் என்று சொன்னேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்து, உங்கள் தம்பிக்கு மொழி கொஞ்சம் கஷ்டம், அதை நாங்கள் கவனத்தில் எடுத்திருக்கிறோம், மே மாதம் பார்த்ததும் ஜனவரியில் இருந்த அதே அளவுதான் என்றார். என் தம்பி உங்களைவிட நல்ல டொச் கதைப்பான் என்றேன். சிரித்தார். சகோதரியின் சொல்லை வைத்து வளர்ந்த ஒருவனை வெளியே நிறுத்த ஏலாதாம், டொக்டரின் அறிக்கை வேணுமாம். போகும்போது, நீங்கள் மிக நன்றாக டொச் பேசுகிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார்.

கிறேபெல்ட் டொக்டரிடம் கேட்டேன். நோயாளி எழுத்தில் அனுமதி தராமல் வாய் திறக்க ஏலாது என்றார். அந்த அனுமதிப் படிவத்தை இதோடு அனுப்புகிறேன். எல்லாம் நிரப்பியிருக்கிறேன். கீழே நீ கையெழுத்து வைத்தால், அவர் தனக்குத் தெரிந்ததைக் கிளப்புக்குச் சொல்லலாம். முத்திரை ஒட்டிய என்வலப்பும் உள்ளே இருக்கிறது.

தண்ணி நிறையக் குடி.

அக்கா

*

ஹனோவர், 4 ஓகஸ்ட்

அக்கா,

சுகம்.

குடைக் கதை நல்ல கதை. அதனால ரண்டு தரம் எழுதினன். நல்ல கதையை எல்லாரும் ரண்டு தரம் சொல்லுறவைதான்.

கிளப்புக்குப் போனது பிழை. அவங்கள் இப்ப என்னைக் குழந்தைப் பிள்ளை எண்டு பகிடி பண்ணுறாங்கள்.

ஒண்டு கேக்கிறன். பதினேழு வயசு வரைக்கும் நான் ஆர்? அம்மாவுக்கு வாய், அப்பாவுக்குக் காது. ஆஸ்பத்திரி, வரிக் கந்தோர், வீட்டுக்காரன், எல்லா இடத்திலயும் ஆரோ ஒருத்தருக்குப் பக்கத்துக் கதிரை. நாலாயிரம் பேர் இருக்கிற மைதானத்தில என்ர பெயரைச் சொல்லிக் கத்தேக்க, அதைப் பிழையாய்த்தான் கத்துறாங்கள், எண்டாலும் அது என்ர பெயர். நான் ஆரையும் மொழிபெயர்க்கேல்லை. ஒருத்தன் ஓடி வாறான், நான் மோதுறன், அவன் விழுறான். எல்லாருக்கும் விளங்குது.

நீ கேக்கிற கையெழுத்தை வைச்சால் திங்கக்கிழமை நான் டயர் அடுக்குவன். அறுபத்தைஞ்சு வயசு வரைக்கும்.

கெவலார் மாதா திருவிழாவுக்கு வாறன். அங்க வைச்சு அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாத. நேர்த்தி முடியட்டும்.

கொ.

*

ஹாலே, 15 செப்ரெம்பர்

அன்புத் தம்பிக்கு,

கெவலாரில் நான் வாய் திறக்கவில்லை. நீ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் மாதா சுருவத்துக்குப் பின்னால் ஊர்வலத்தில் நடந்தாய். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, இன்னும் கொளுத்தவில்லை என்று திரும்பப் போனாய். அம்மா அதைப் பக்தி என்று நினைத்தா. அன்று உன் சட்டைப் பையில் வைத்தது இரண்டாவது படிவம். அதற்கும் பதில் இல்லை.

சனிக்கிழமை அரையிறுதிக்கு நானும் அப்பாவும் வந்திருந்தோம். உனக்குச் சொல்லவில்லை. இரண்டாவது பகுதியில் நீயும் எதிரணியில் ஒரு உயரமானவனும் தலையோடு தலை மோதினீர்கள். நீ எழும்பினாய். எழும்பி, நேரே நடந்துபோய் எதிரணியின் வாங்கில், அவர்களுடைய ஆட்களுக்கு நடுவில், இருந்தாய். அவர்கள் தண்ணிப் போத்தல் தந்தார்கள், நீ வாங்கிக் குடித்தாய். சனம் சிரித்தது. பகிடி விடுகிறாய் என்று நினைத்தார்கள். உங்கள் ஆள் ஒருவன் வந்து தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். மைதான ஓரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் வைத்துப் பரிசோதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்பா எழும்பினார். குடையை மடித்தார். “முடிஞ்சுதோ பிள்ளை? என்ன சொல்லுறாங்கள்?” என்று கேட்டார்.

சுருக்கமாகச் சொல்ல வாய் வந்தது. பழக்கம். பிறகு முழுவதையும் சொன்னேன். உன் ஆறு சொல்லில் இருந்து தொடங்கி, கிளப், குடைக் கதை, கோப்பை அலுமாரி. கடைசியில் அவருடைய இரண்டு விரல்களையும் சொன்னேன், அந்த டொக்டர் அன்று உண்மையில் சொன்னதை. சொல்லி முடியக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், “அப்ப நான் சரியாய்த்தான் நசுக்கினனான்” என்றார். நீ விளையாடி முடியும் வரைக்கும் கதிரையில் திரும்ப இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று உன் கையெழுத்தை வெறுங் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். பிறந்தநாள் கார்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. நாலாவது தரம் அச்சாக வந்தது. படிவம் மேசையில்தான் இருந்தது. நான் வைக்கவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அது வெறும் கடதாசி. அதைவிட, இந்த வீட்டில் ஒருவருக்காக ஒருவர் வைத்த கையெழுத்துகள் போதும். கிழித்துப் போட்டேன்.

ஒப்பந்தம் இந்த மாத முடிவில் என்று எழுதியிருந்தாய். அதற்கு முதல் வேணும். மூன்றாவது படிவம் இது. கடைசிக் கோட்டில், நான் பென்சிலால் அடையாளம் போட்ட இடத்தில்.

அம்மாவுக்கு இந்த ஞாயிறு சொல்லப் போகிறேன், முழுவதையும். நீயும் இருந்தால் நல்லது.

அக்கா

*

ஹாலே, 6 ஒக்ரோபர்

கொட்வின்,

நாங்கள் சுகம். அந்த ஞாயிறு நீ வரவில்லை, அம்மாவுக்கு முழுவதையும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் எழுதின படத்தைக் கிளப்பின் பக்கத்தில் பார்த்தேன். பேனையைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். அப்படியென்றால் கையெழுத்து வைக்க உனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது நாலாவது படிவம். பேனையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

கையெழுத்து வை.